கம்பி வேலியும் மூணு தீர்ப்பும்

அந்த ஃபோனைச் சித்த கீழ வெச்சீங்கன்னா நல்லதுங்க. குத்தமாச் சொல்லலை. ஈரோட்டுல பஸ் ஏறுனதுல இருந்து பாக்கறேன், பச்சையும் செகப்புமா ஒரு கோடு மேலயும் கீழயும் போகுது, நீங்களும் அது கூடவே மூஞ்சிய ஏத்தி எறக்கீட்டு வர்றீங்க. பங்கு மார்க்கெட்டுங்களா? அதேதான்னு நெனைச்சேன். என்ற பையன் நவநீதனும் இதே சாதிதான். பெங்களூர்ல வேலை. மாசம் பொறந்தா சம்பளத்துல ஒரு பங்கை எங்கியோ கட்டறான். "எங்கடா கட்டற?"ன்னா, "ஃபண்டுலப்பா"ங்கறான். "அந்த ஃபண்டு எங்கடா இருக்குது?"ன்னா சிரிக்கறான். நான் கேட்டதுல என்னங்க தப்பு? ஒரு ஏக்கரா பூமி வாங்குனாப் போயி நின்னு பாக்கலாம், வரப்புல உக்காந்து பீடி குடிக்கலாம். ஃபண்டுல போயி உக்காந்து பீடி குடிக்க முடியுமுங்களா?

நான் ஒண்ணும் முதலீடு பண்ணாதவன் இல்லீங்க. பண்ணுனவன்தான். ஈமுக் கோழியில போட்டேன். சிரிக்காதீங்க, ஈமுன்னு சொன்னா ஊரே இப்படித்தான் சிரிக்குது. ஆனா ஈமு கண்ணு முன்னால நிக்குமுங்க. என்ற தோள் ஒசரம். தீனி திங்கும், கூப்புட்டா எட்டிப் பாக்கும். அதுக்குக் கொட்டாய் போட்டு, சுத்தியும் வலை கட்டி, ராசாவாட்ட வெச்சிருந்தேன். கம்பெனிக்காரன் ஒரு நாள் ஆபீசைப் பூட்டீட்டுப் போயிட்டான், அது வேற சங்கதி. அது கோழி மேல தப்பில்லை. நிர்வாகக் கோளாறு. முதலீடு என்னமோ சரியான முதலீடுதான்.

நானுங்களா? பேரு வையாபுரிங்க. சென்னிமலைப் பக்கம் தோட்டம். மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குப் போறேன், மூணு தீர்ப்புக்கு நகல் வாங்கோணும். திங்கக்கெழமை எங்கூரு முன்சீப் கோர்ட்டுல அதைக் குடுத்தாகோணும். சனி ஞாயிறு ஐகோர்ட்டுல ஆளிருக்காது, அதனால இன்னைக்கு விட்டா விட்டதுதான். இன்னைக்குப் பாத்து நவநீதனுக்கு வெள்ளகோயில்ல நிச்சயம். ஆமாங்க, என்ற பையனுக்குத்தான். இந்நேரம் அங்க ஜமுக்காளம் விரிச்சு, தட்டெல்லாம் எடுத்து வெச்சிருப்பாங்க. நான் இங்க உங்ககூட உக்காந்துட்டு வர்றேன். அப்பன் இல்லாம என்னய்யா நிச்சயம்னு பாக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க. சட்டம் தெரியாதவங்க அப்படித்தான் பாப்பாங்க.

மொதல்லருந்து சொல்றேன். உங்களுக்கும் பொழுது போகோணுமல்ல.

எங்க அய்யன் தோட்டத்தை எனக்கும் என்ற தம்பி செல்லமுத்துக்கும் பிரிச்சுக் குடுத்தாரு. ரோட்டோரம் எனக்கு, பொறகால அவனுக்கு. ரோட்டுல இருந்து அவன் வூட்டுக்குப் போறதுக்கு என்ற பூமிக்குள்ள ஒரு வண்டித்தடம், ரெண்டு பேருத்துக்கும் பொதுவுல. எங்க பக்கம் எல்லாத் தோட்டத்துலயும் இப்படித்தான் தடம் கெடக்கும். தடம் கெடந்தா அதுக்கொரு வழக்கும் கெடக்கும். வழக்கில்லாத தடத்தைக் காட்டுங்க, நான் மீசைய எடுத்தர்றேன்.

எங்களுக்குள்ள ரொம்ப வருசம் ஒரு சண்டை சச்சரவும் இல்லை. செல்லமுத்து ஒரு பயந்தாங்குள்ளி. ஈமுக்குக் கூப்புட்டப்பக்கூட "எனக்கெதுக்குண்ணா, தென்னை போதும்"ன்னு ஒதுங்கிட்டவன். அவனுக்குத் தேங்காய் ஏத்த வந்த லாரி ஒரு நாள் பின்னால வர்றப்ப என்ற ஈமுக் கொட்டாய்த் தூணை இடிச்சுப்போட்டது. கோழியெல்லாம் போயி வருசமாச்சு, கொட்டாய் மட்டும் நின்னுட்டிருந்துது. செல்லமுத்து ஓடியாந்தான். "அண்ணா, தூணை நானே நட்டுக் குடுத்தர்றேன்"ன்னான். அதோட வாய மூடியிருந்தா ஒண்ணுமில்லீங்க. கொட்டாயைச் சுத்தியும் முத்தியும் பாத்துட்டு, "இன்னும் எதுக்குண்ணா இந்தக் கொட்டாய்?"ன்னான்.

கேட்டீங்களா? எதுக்கு இந்தக் கொட்டாயாம். அந்த ஒரு வார்த்தையில எத்தனை எகத்தாளம் இருக்குது பாருங்க. அண்ணன் ஈமுல ஏமாந்தவன்னு சொல்லாமச் சொல்றான். அடுத்த நாள் வெடியால எந்திரிச்சு, தடத்துக்குக் குறுக்கால முள்ளுக்கம்பிய இழுத்துக் கட்டிப்போட்டேன்.

அது ஆச்சு மூணு வருசம். அன்னையில இருந்து அவன்கூடப் பேச்சில்லை. அவன் வாய்க்கா மேட்டு மேல ஸ்கூட்டர்ல போறான், வர்றான். தேங்காயைச் சாக்குல கட்டி ஸ்கூட்டர்ல வெச்சு ஒவ்வொண்ணா ரோட்டுக்குக் கொண்டாறான். வரட்டுமே, ஒடம்புக்கு நல்லதுதான.

கம்பி கட்டுனா அவன் கோர்ட்டுக்குப் போவான்னு பாத்தேன். போகலீங்க. அதுவும் ஒரு திமிருதான். மனுசன் வழக்குன்னு ஒண்ணு போட்டாத்தான நாம பதில் போட முடியும்? பாத்தேன், பாத்தேன், ஒண்ணையுங் காணோம். அப்பறம் நானே போட்டேன். அந்தத் தடத்துல செல்லமுத்துக்கு உரிமையே கெடையாதுன்னு.

மொதல்ல வக்கீல் வெச்சுத்தான் போட்டேன். வக்கீலுகளைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லோணுமா? வாய்தா வாங்கறதுக்குன்னே கருப்புக் கோட்டுப் போட்டுட்டு வர்ற சனங்க. இந்தாளு என்ன சொல்றாரு தெரியுமுங்களா? "வையாபுரி, பாகப் பத்திரத்துலயே தடம் பொதுன்னுதான் இருக்குது. தம்பியைக் கூப்புட்டுப் பேசீருங்க"ங்கறாரு. பேசறதுக்கு எதுக்குங்க வக்கீல்? பேசறதுக்குத்தான் வாய் இருக்குதே. கேஸ் கட்டை வாங்கிக் கக்கத்துல வெச்சுட்டு வந்துட்டேன். இனி நானே வாதாடிக்கறேன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன்.

அப்பத்தான் அவரு கெடைச்சாரு.

யாருன்னா, இதா, இந்த ஃபோனுக்குள்ள இருக்கறவரு. கேள்வி கேட்டாப் பதில் சொல்றாருல்ல, அவருதான். உரத்துக்கும் மருந்துக்கும் கேட்டுக்கங்கப்பான்னு நவநீதன்தான் போட்டுக் குடுத்தான். நான் வழக்கைக் கேட்டேன். தமிழ்லயே சொல்றாருங்க, வாத்தியாராட்டம் சுத்தமான தமிழ்ல. "ஐயா, இது மிகவும் ஆழமான கேள்வி. உங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது"ன்னாரு. என்ற மனவேதனை புரியுதுன்னு என்ற வயசுக்கு ஒருத்தர் சொல்லியிருக்கறாங்களா? ருக்குமணி சொல்லியிருக்கறாளா? என்ற சம்சாரங்க. அவ சொன்னதெல்லாம் "மொதல்ல போயி அந்தக் கம்பிய அவுருங்க"ங்கறது மட்டுந்தான். இவரு அப்படியில்லை. பாயிண்டு பாயிண்டா எடுத்துக் குடுப்பாரு. நான் ஒண்ணு சொன்னா, "நீங்கள் சொல்வது மிகச் சரி"ம்பாரு. கோவப்படறதில்லை, கொட்டாவி விடறதில்லை, பீஸு கேக்கறதில்லை.

ஃபோனை நம்பலாமான்னு கேப்பீங்க. நல்லாக் கேளுங்க. இன்னைக்கு ஊரே ஃபோன்ல ஏமாந்துட்டுத்தான் திரியுது. எங்க பக்கம் ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் ஒருத்தரு இருக்கறாரு. போலீசுன்னு சொல்லி எவனோ வீடியோவுல வந்து, "உங்களை டிஜிட்டல்ல கைது பண்ணியிருக்குது, எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது"ன்னிருக்கறான். அந்த மனுசன் எந்திரிக்கலீங்க. பொண்டாட்டி காப்பி கொண்டாந்து குடுத்தாக்கூட, சைகையில வேண்டாம்னாராம். பேங்கையே கட்டி மேச்ச ஆளு. எவன்னே தெரியாத ஒருத்தன் பேசறான், நல்லாப் பேசறான்னா அதை அப்படியே நம்பீர்றதா? என்ன படிப்புப் படிச்சு என்ன பண்ண. நான் அப்படிப்பட்டவன் இல்லை, எதையும் ரெண்டாந்தரம் கேப்பேன். இவரையே நேருக்கு நேரா கேட்டிருக்கறேன், "நீங்க சொல்றதெல்லாம் நெசந்தானுங்களா?"ன்னு. "நிச்சயமாக, ஐயா"ன்னாரு. அதுக்கப்பறந்தான் நம்புனேன்.

அவருதான் மனு எழுதிக் குடுத்தாரு. என்ன மனுங்கறீங்க, பக்கம் பக்கமா, எடையில எடையில தீர்ப்பு. இப்படி இப்படி ஒரு தடத்து வழக்குல ஐகோர்ட்டு இன்னது சொல்லியிருக்குதுன்னு மூணு தீர்ப்பு. மூணும் எனக்குன்னே சொன்ன மாதிரி இருக்குது. ஒண்ணுல கோழிக் கொட்டாய்கூட வருதுங்க. கொட்டாய் வெச்சிருக்கறவன் மனசு நோகற மாதிரி நடந்தாத் தடத்து உரிமை போயிருமாம். படிச்சுட்டு நானே ரெண்டு நாள் தூங்கலை, சந்தோசத்துல.

போன வாய்தாவுல அதைக் குடுத்தேன். செல்லமுத்துக்கு வக்கீலு ஒரு சின்னப் புள்ளை. அவ எந்திரிச்சு ஜட்ஜம்மாகிட்ட, "அம்மா, இந்த மூணு தீர்ப்பும் எங்கயுமே இல்லீங்க. எல்லாப் புஸ்தகத்துலயும் தேடிப் பாத்துட்டேன். இந்த நம்பர்ல இருக்கறது ஒரு மில்லு போனஸ் வழக்கு"ன்னா. கண்ணாடிய ஏத்தி ஏத்தி விட்டுட்டு. கெடைக்கலைன்னா இல்லைன்னு ஆயிருமா? சாவிய வெச்ச எடந் தெரியலைன்னா சாவியே இல்லைன்னா சொல்லுவோம்? ஜட்ஜம்மா என்னைப் பாத்து, "வையாபுரி, இதையெல்லாம் எங்கிருந்து எடுத்தீங்க?"ன்னாங்க. "ஆராய்ச்சி பண்ணி எடுத்தனுங்கம்மா"ன்னேன். அந்தம்மா சிரிச்சாங்க பாருங்க. ஜட்ஜு சிரிச்சு எங்க கோர்ட்டுல யாரும் பாத்ததே இல்லையாம், டவாலிக்காரரே சொன்னாரு. பாமர ஆளு இத்தனை தெரிஞ்சு வெச்சிருக்கறானேங்கற சிரிப்பு அது. "சரி, திங்கக்கெழமை மூணுக்கும் கோர்ட்டு முத்திரை போட்ட நகலோட வாங்க. இல்லைன்னா வழக்கைத் தள்ளுபடி பண்ணீட்டு, கோர்ட்டை ஏமாத்துனதுக்கு உங்களை என்ன பண்ணலாம்னு பாப்பேன்"ன்னாங்க. அந்தம்மாவைக் குத்தஞ் சொல்லலை. சின்னக் கோர்ட்டு. பெரிய தீர்ப்பெல்லாம் அங்க வந்து சேரறதில்லை போல இருக்குது.

வூட்டுக்கு வந்ததும் அவருகிட்டக் கேட்டேன், "என்னங்க, தீர்ப்பு இல்லைங்கறாங்களே?"ன்னு. ஒடனே சொன்னாரு, "குழப்பத்துக்கு மன்னிக்கவும், ஐயா. அவற்றை விடப் பொருத்தமான வேறு மூன்று தீர்ப்புகளைத் தருகிறேன்." எந்த வக்கீலுங்க கட்சிக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கறான்? பண்புன்னா அது. ஆக இப்ப என்ற கையில ஆறு தீர்ப்பு. மூணு கேட்ட எடத்துல ஆறாக் கொண்டுபோயி வெக்கறேன், அந்தக் கண்ணாடிக்காரப் புள்ளை மூஞ்சியப் பாக்கோணும்.

இது நடந்துட்டிருக்கறப்பத்தான் நவநீதனுக்குச் சம்பந்தம் வந்துது. வயசு முப்பத்திநாலு ஆயிருச்சுங்க. எங்க பக்கம் இப்பப் பையனுக்குப் பொண்ணு கெடைக்கறது உங்களுக்குத் தெரியுமல்ல, குதிரைக்கொம்பு. கல்யாண வெப்சைட்டுல போட்டான். ஃபோட்டோவுல சிரிச்சான், சம்பளத்தைப் போட்டான், தோட்டத்தைப் போட்டான். ரெண்டு எடம் ஜாதகம் வரைக்கும் வந்து நின்னு போச்சு. ஏன்னு கேட்டா, கோர்ட்டு வெப்சைட்டுல என்ற பேரைத் தட்டுனாலே வையாபுரிக்கும் செல்லமுத்துக்கும் வழக்குன்னு வருதாம். கூடப் பொறந்தவன் மேல வழக்குப் போட்ட வூட்ல பொண்ணுக் குடுக்க மாட்டோம்னுட்டாங்க. எவன் வூட்டுச் சண்டையையும் எவன் வேணும்னாலும் தட்டிப் பாக்கற மாதிரி வெச்சிருக்கறாங்க பாருங்க. இண்டர்நெட்டுன்னு ஒண்ணு வந்து மனுசனுக்கு மானம் மருவாதி இல்லாமப் பண்ணிப்போட்டது.

மூணாவதா வந்தது வெள்ளகோயில்காரரு. அரிசி மில்லு வெச்சிருக்கறாரு, பழைய காலத்து ஆளு. வெப்சைட்டெல்லாம் பாக்கலை. நேரா பங்காளி வூட்ல விசாரிக்கப் போயிட்டாரு. உங்க பக்கம் உண்டான்னு தெரியலை, எங்க பக்கம் அதொரு வழக்கம். ஒருத்தனைப் பத்தி நல்லதே சொல்லாதவன் அவன் பங்காளிதான், அவனே நல்லதாச் சொன்னாக் கண்ண மூடீட்டுப் பொண்ணுக் குடுக்கலாம்னு ஒரு கணக்கு. தோட்டத்துக்கு வந்த கார் கம்பிக்கு முன்னால நின்னுருச்சு. மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டீட்டு, கம்பிக்கு அடியில குனிஞ்சு செல்லமுத்து வூட்டுக்கு நடந்து போறாரு. நான் வாசல்ல நின்னு பாத்துட்டே இருக்கறேன். இதோட இதுவும் போச்சுன்னு நெனைச்சேன். மூணு வருசம் தேங்காய் சொமந்தவன், கெடைச்ச சந்துல விடுவானா?

அவன் என்ன சொன்னான்னு அப்பறம் ருக்குமணி மூலியமாத் தெரிஞ்சுது. "பையன் தங்கமுங்க. எங்க அண்ணனுக்கு முன்கோவம் உண்டு, மனசுல ஒண்ணுமில்லை. தடத்துச் சங்கதி எங்களுக்குள்ள, நாங்க தீத்துக்குவோம். நீங்க பொண்ணைத் தாராளமாக் குடுங்க"ன்னானாம்.

எத்தனை தந்திரம் பாருங்க. எனக்கு முன்கோவமாம். ஊர் ஆளுகிட்ட என்னைக் கோவக்காரன்னும் சொல்லிப்போட்டான், நல்லவன்னு பேரையும் வாங்கிப்போட்டான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. நான் சொன்னா ருக்குமணி கேக்கறாளா? புளியங்கொம்பைப் புடிச்ச மாதிரி அழுகறா, சிரிக்கறா. நவநீதன் பெங்களூர்ல இருந்து சித்தப்பனுக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் பேசியிருக்கறான். என்னோட பேசுனது சாப்புட்டீங்களாங்கற ஒரே வார்த்தை.

அப்பறம் வெள்ளகோயில்காரரு எங்க வூட்டுக்கு வந்தாரு. "எனக்குச் சந்தோசமுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். நிச்சயத்தன்னைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து எங்ககிட்ட வெத்தலை பாக்கு மாத்திக்கோணும். அது போதும், கோர்ட்டு என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை"ன்னாரு. நான் தலையாட்டுனேன். வேண்டாம்னு சொல்லலை. ஆனா நெனைச்சுப் பாருங்க, வெள்ளிக்கெழமை அவன் தோள்ல தோள் இடிச்சு உக்காந்துட்டு, திங்கக்கெழமை கோர்ட்டுல அவனை எதுத்து நிக்கறதா? சட்டப்படி அது சமரசமாயிரும்னு அவரே சொன்னாரு. அவருன்னா, இவருதான், ஃபோன்ல இருக்கறவரு.

அதனாலதான் ருக்குமணிகிட்ட நேத்துச் சொன்னேன், நான் மெட்ராஸ் போறேன், எனக்குப் பதுலா அவனையே உக்காரச் சொல்லிக்கன்னு. அவனுக்கு அதுதான வேணும்? தடத்தை எடுத்துக்கிட்டான், பேரை எடுத்துக்கிட்டான், பையனை எடுத்துக்கிட்டான், அப்பன் எடத்தையும் எடுத்துக்கட்டும். ருக்குமணி கத்தலை, ஒண்ணும் பண்ணலை. தலைக்கு எண்ணெய் வெச்சுட்டே, "கல்யாணத்துக்கு இணைச்சீர் யாரு செய்வா?"ன்னா.

இணைச்சீர்னா, எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கச்சியோ ஒருத்தி பக்கத்துல நின்னு செய்யற சீர். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்குப் போறதுக்கு முன்னால, அவன் வூட்டு வாசல்லயே அது நடக்கோணும். அது முடிஞ்சாத்தான் அவன் தாலி கட்டவே போவான். எங்களுக்குப் பொண்ணில்லை. நவநீதனுக்குத் தங்கச்சின்னு இருக்கறது செல்லமுத்து பொண்ணு இந்துமதி ஒருத்திதான். நல்ல புள்ளைங்க, அவளைச் சொல்லக் கூடாது. தீவாளி, பொங்கல்னு நோம்பி நாள்ல தட்டுல பலகாரம் எடுத்துட்டு, கம்பிக்கு அடியில குனிஞ்சு "பெரியப்பா"ன்னு வருவா. அந்தப் புள்ளை பெரியப்பான்னா எனக்கு ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்குதல்ல. கேட்டேன். இந்து திருமணச் சட்டத்துல இணைச்சீர்ங்கற வார்த்தையே கெடையாதுன்னு தெளிவாச் சொல்லிட்டாரு. ருக்குமணிகிட்டயும் சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா, எண்ணெய்ச் சீசாவை மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. படிக்காத பொம்பளைகிட்டச் சட்டம் பேசுனா இப்படித்தான்.

இது எந்த ஊருங்க? ஆத்தூர் தாண்டியாச்சுங்களா? அப்ப இந்நேரம் தட்டு மாத்தி முடிச்சிருப்பாங்க. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முடிக்கோணும்னு பேச்சு.

இருங்க, கூப்புடறா. முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கா இருக்கும்.

சொல்லு. ம். என்னது? உக்காரலையா? யாரு உக்காரலை? ஏன், என்னவாம் அவனுக்கு? நான் சொன்னேன்னு சொன்னியா இல்லையா? சொன்னா என்னங்கறான்? அட, எல்லாரும் பாத்துட்டிருக்க அங்க என்ன பண்ணீட்டிருக்கறீங்க? நேரம் போகுதல்ல. அவன்கிட்டக் குடு. குடு ஃபோனை அவன்கிட்ட.

செல்லமுத்து. நான்தான். உக்காரு. உக்காருடா, நான் சொல்றேன்.

ம்.

ம்.

சரி, வெய்யி.

ஒண்ணுமில்லீங்க. தண்ணி வெச்சிருக்கறீங்களா? ஒரு வாய் குடுங்க.

உக்கார மாட்டேங்கறானுங்க. ஜமுக்காளத்துல என்ற எடத்தைக் காலியா விட்டுட்டு, அதுக்குப் பக்கத்துல அவன் உக்காந்திருக்கறானாம். வெள்ளகோயில்காரரு எதுர்ல உக்காந்திருக்கறாராம். ஒறம்பரை, சொந்தக்கார சனம் அத்தனையும் சுத்தி நின்னுட்டு அந்தக் காலி எடத்தையே பாக்குதாம். மூணு வருசத்துக்கப்பறம் இன்னைக்குத்தான் அவன் கொரலைக் கேக்கறேன். அண்ணான்னான். "அண்ணா, நீங்க உசுரோட இருக்கையில உங்க எடத்துல நான் உக்கார மாட்டேன். அது வேற மாதிரி ஆயிரும்ணா. என்ற வாயில அதைச் சொல்ல வெக்காதீங்க"ன்னான். "தடந்தான உங்களுக்கு வேணும், எடுத்துக்கங்க, திங்கக்கெழமை நானே வந்து கையெழுத்துப் போட்டர்றேன். மேக்கால தோட்டத்துக்காரரு வழி தர்றேன்னு சொல்லியிருக்கறாரு, வாசலை அக்கட்டத் திருப்பிக்கறேன். இது மட்டும் வேண்டாம்ணா. வெள்ளகோயில்காரருகிட்டச் சொல்லி நேரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வெச்சிருக்கறேன், வாங்க"ன்னான்.

தெரிஞ்சுதுங்களா? தடத்தை எழுதிக் குடுத்தர்றேங்கறான். தீர்ப்பு வேண்டாம், நகல் வேண்டாம், ஜட்ஜம்மா வேண்டாம். நான் ஜெயிச்சாச்சு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஜெயிச்சவன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்.

இல்லீங்க. நான் அவனைக் கோர்ட்டுல நிக்க வெச்சு, அந்தக் கண்ணாடிக்காரப் புள்ளை வாயடைச்சு நிக்க, ஜட்ஜம்மா படிக்கப் படிக்க வாங்கலாம்னு இருந்தேன். இவன் என்னடான்னா பந்தியில அப்பளம் வெக்கற மாதிரி எடுத்து வெச்சுட்டான். வுட்டுக் குடுத்தா அது எப்படிங்க ஜெயிச்சதாகும்? எனக்கு அதை வாங்கத் தெரியலீங்க. நான் எதையும் இழுத்துப் புடிச்சுத்தான் வாங்கியிருக்கறேன், ஒருத்தர் குடுத்து வாங்கிப் பழக்கமில்லை. முட்டாள். சின்னதுல இருந்தே அவன் இப்படித்தான், மாங்காயைக் கடிச்சுட்டே நின்னா அதையும் குடுத்துருவான். அப்பறம் அதை எப்படித் திங்கறது?

கண்டக்டர் தம்பி, வண்டி கள்ளக்குறிச்சியில நிக்குமா? நான் எறங்கோணும். ஆமா, மெட்ராஸ் டிக்கெட்டுதான் எடுத்தேன், எடுத்தா எறங்கக் கூடாதுன்னு சட்டமா இருக்குது? நிறுத்தப்பா.

அந்தப் பையை எடுத்துக் குடுங்க. காயிதங்க உள்ள இருக்குது, மடங்காமக் குடுங்க. இல்லை, மடங்குனா மடங்கட்டும்.

அவனுக்காக எறங்கறேன்னு நெனைச்சுக்காதீங்க. அவனுக்குப் பயந்தும் இல்லை, வெள்ளகோயில்காரருக்குப் பயந்தும் இல்லை. ஒரு சின்னச் சங்கதி, அதை அங்க ஒருத்தனும் ரோசிக்கலை, ருக்குமணியும் ரோசிக்கலை, இந்த ஃபோன்ல இருக்கறவரும் சொல்லலை. இணைச்சீர் எங்க வூட்டு வாசல்லதான் நடக்கோணும். இவன் பாட்டுக்குத் தடத்தை எழுதிக் குடுத்துட்டு வாசலை மேக்கால திருப்பீட்டான்னா, இந்துமதி தட்டெடுத்துட்டு எந்த வழியாங்க எங்க வூட்டுக்கு வருவா?